புற்றுநோயை எதிர்த்து நின்ற முத்துலட்சுமி அம்மையார்

புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே மக்கள் நடுங்கிய காலம் ஒன்று இருந்தது. அந்த நோய் வந்தால் பிழைக்க வழியில்லை என்றும் அது தலைவிதி என்றும் பலர் நம்பினர். நோயாளியின் வீட்டார் அதன் பெயரை வெளியில் சொல்லவும் கூசினர். அத்தகைய காலத்தில், புற்றுநோய் விதியன்று, காலத்தோடு கண்டறிந்தால் வெல்லக்கூடிய நோயே என்று உறுதியாக நம்பியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். நம்பியதோடு நில்லாமல், அந்த நம்பிக்கையை ஒரு மருத்துவமனையாகவும் கட்டியெழுப்பினார்.

அம்மையார் தமிழகத்தில் வாழ்ந்தவர். அவர் பிறப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1877ஆம் ஆண்டில், பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர் மலாயா முழுவதும் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அம்மையாரின் வாழ்நாளிலேயே தமிழகத்தின் பல சிற்றூர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கப்பலேறி இத்தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தனர். ஊர் மாறினாலும் உணவும் பழக்கமும் அச்சமும் அவர்களுடனேயே வந்தன. ஆகவே, அம்மையார் சென்னையில் நடத்திய போராட்டம் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் வாழும் தமிழர்களுக்கும் உரியதாகும்.

இளமையும் கல்வியும்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு ஜூலை மாதம் 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றியவர். தாயார் சந்திரம்மாள் இசைக்கும் நடனத்திற்கும் பெயர்பெற்ற தேவதாசி மரபில் வந்தவர். அம்மரபுப் பெண்களைச் சமுதாயம் தாழ்வாக நோக்கியது. அந்த இழிவின் வலியைச் சிறு வயதிலேயே முத்துலட்சுமி உணர்ந்திருந்தார்.

அக்காலத்தில் பெண் குழந்தைகள் பருவமடைந்தவுடன் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டனர். முத்துலட்சுமிக்கும் அந்நிலையே ஏற்பட்டது. தாயார் மகளுக்குத் திருமணம் செய்துவைக்க விரும்பினார். மகளோ படிக்க விரும்பினார். தந்தையார் மகளின் பக்கம் நின்று வீட்டிலேயே பாடம் கற்பித்தார். உடல்நலக் குறைவும் கண்பார்வைக் குறைவும் இருந்தபோதும் முத்துலட்சுமி அயராது படித்து, 1902ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அடுத்த தடை கல்லூரி வாயிலில் காத்திருந்தது. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் அதுவரை ஆண்கள் மட்டுமே பயின்றனர். ஒரு பெண்ணைச் சேர்த்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று எதிர்ப்புக் கிளம்பியது. பெற்றோர் சிலர் தங்கள் மகன்களைக் கல்லூரியை விட்டு நிறுத்தப்போவதாக அச்சுறுத்தினர். ஆயினும், புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பை ஏற்காமல் அனுமதி வழங்கினார். மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று, ஆண்களுக்கும் தமக்கும் நடுவே தொங்கிய திரைக்குப் பின்னால் அமர்ந்து முத்துலட்சுமி பாடம் கேட்டார்.

1907ஆம் ஆண்டு அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கும் பெண்களுக்கு எளிதில் மதிப்புக் கிடைக்கவில்லை. தம் திறமையால் அம்மதிப்பை ஈட்டினார். அறுவை மருத்துவத்தில் சிறந்து விளங்கி, பரிசுகளும் பதக்கங்களும் பெற்று, 1912ஆம் ஆண்டு மருத்துவப் பட்டத்துடன் வெளியேறினார். பின்னர்ச் சென்னை அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் பயிற்சி மருத்துவராகப் பணியேற்றார்.

1914ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியை அவர் மணந்தார். கணவர் தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பதையும் தம் பணிக்குத் தடையாக இருக்கக்கூடாது என்பதையும் திருமணத்திற்கு முன்பே உறுதிசெய்து கொண்டார். சுந்தர ரெட்டியும் சொன்ன சொல் தவறாமல் இறுதிவரை மனைவியின் முயற்சிகளுக்குத் துணை நின்றார். அவர்களுக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என்னும் இரு புதல்வர்கள் பிறந்தனர்.

தங்கையின் மரணம்

முத்துலட்சுமிக்குச் சுந்தராம்பாள் என்னும் தங்கை இருந்தார். அத்தங்கையின்மேல் அவருக்கு அளவற்ற அன்பு. 1920களின் தொடக்கத்தில் சுந்தராம்பாள் நோயுற்றார். மலத்துடன் இரத்தம் கலந்து போனது. அது சீதபேதி என்றே முதலில் கருதப்பட்டது. அக்காலத்தில் சீதபேதி பரவலாக இருந்த நோய். அதனால், அவ்வாறு கருதியதில் வியப்பில்லை. ஆனால், மருந்து கொடுத்தும் நோய் தணியவில்லை. உடல் நாளுக்கு நாள் மெலிந்தது. மலக்குடலில் புற்றுநோய் வளர்ந்திருந்தது என்ற உண்மை தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டது. சுந்தராம்பாள் இளம் வயதிலேயே உயிர் நீத்தார்.

இம்மரணம் முத்துலட்சுமியை உலுக்கியது. அவர் கல்வியறிவு இல்லாத பெண் அல்லர். பதக்கங்கள் பெற்ற மருத்துவர். கணவரும் மருத்துவர். நகரத்தில் மருத்துவமனைகளும் இருந்தன. இத்தனை இருந்தும் தம் தங்கையை அவரால் காப்பாற்ற முடியவில்லை. மருத்துவர் வீட்டிலேயே இந்நோய் இவ்வாறு ஒளிந்திருக்க முடிந்தது என்றால், மருத்துவரையே காணாத ஏழைகளின் நிலை என்னவாக இருக்கும்? இந்தக் கேள்வி அவர் மனத்தை விட்டு அகலவே இல்லை.

அவர் தங்கைக்கு நேர்ந்ததைப் புரிந்துகொள்ளப் புற்றுநோயின் இயல்பை அறிவது அவசியம். நம் உடல் கோடிக்கணக்கான உயிரணுக்களால் ஆனது. பழைய அணுக்கள் அழிவதும் புதிய அணுக்கள் தோன்றுவதும் ஓர் ஒழுங்கில் நடைபெறுகின்றன. சில வேளைகளில் அணுக்களின் மரபுப் பொருளில் பழுது ஏற்படுகிறது. பழுதடைந்த அணு கட்டுப்பாட்டை இழந்து, தேவையில்லாமல் பிளந்து பெருகுகிறது. பெருகிய அணுக்கள் கட்டியாகத் திரள்கின்றன. பின்னர், அவை அருகிலுள்ள உறுப்புகளுக்குள் ஊடுருவுகின்றன. இரத்தத்தின் வழியாகவும் நிணநீரின் வழியாகவும் உடலின் மற்ற பகுதிகளுக்கும் பரவுகின்றன. இதுவே புற்றுநோய்.

இந்நோய் தொற்றுநோய் அன்று. நோயாளியைத் தொடுவதாலும் அவருடன் உண்பதாலும் அது பிறருக்கு வராது. ஓரிடத்தில் அடங்கியிருக்கும்போது அதை அகற்றுவது எளிது. பல உறுப்புகளுக்குப் பரவிய பின்னர் அகற்றுவது கடினம். ஆனால், தொடக்க நிலையில் அது பெரும்பாலும் வலி தருவதில்லை. வலி இல்லாததால் மக்கள் மருத்துவரை நாடுவதில்லை. வலி வரும்போது நோய் முற்றியிருக்கும். சுந்தராம்பாளின் உயிரைக் குடித்ததும் இந்தக் காலத் தாழ்வுதான்.

இலண்டன் காட்டிய வழி

1925ஆம் ஆண்டு அரசாங்க உதவித்தொகை பெற்று, பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நோய்களைப் பற்றி மேலும் கற்க அம்மையார் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் செல்சி மகளிர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். புற்றுநோய்க்கென்றே அமைந்த மருத்துவமனை ஒன்றையும் அங்குக் கண்டார்.

அக்காலம் மருத்துவ உலகில் புதிய நம்பிக்கை பிறந்த காலம். 1895ஆம் ஆண்டு இராண்ட்ஜென் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தார். 1898ஆம் ஆண்டு மேரி கியூரியும் அவர் கணவரும் ரேடியத்தைக் கண்டுபிடித்தனர். இக்கதிர்கள் புற்றணுக்களை அழிக்கும் என்பதை மருத்துவர்கள் அறிந்து, அவற்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தனர். அறுவை மருத்துவமும் முன்னேறியிருந்தது. தொடக்கத்திலேயே வந்த நோயாளிகள் குணமடைந்து வீடு திரும்பினர்.

மேலைநாட்டில் சாத்தியமாவது தம் நாட்டில் ஏன் சாத்தியமாகக்கூடாது என்று அம்மையார் எண்ணினார். தனி மருத்துவமனை, பயிற்சி பெற்ற மருத்துவர்கள், உரிய கருவிகள் ஆகியவை அமைந்தால் சுந்தராம்பாளைப் போன்ற பலர் பிழைப்பர் என்ற எண்ணம் அவருள் வேரூன்றியது.

சட்டமன்றப் பணிகள்

தாயகம் திரும்பிய அம்மையாரைப் பொதுவாழ்க்கை அழைத்தது. அவர் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்கு உறுப்பினராக நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண் என்ற பெருமை அவரைச் சேர்ந்தது. 1927ஆம் ஆண்டு சட்டமன்றத் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பெண் குழந்தைகளைக் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடும் தேவதாசி முறையை ஒழிக்க அவர் கடுமையாகப் போராடினார். பெண்களின் திருமண வயதை உயர்த்தவும் குரல் கொடுத்தார். 1930ஆம் ஆண்டு காந்தியடிகள் கைது செய்யப்பட்டபோது, அதனைக் கண்டித்துத் தம் சட்டமன்றப் பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய ஔவை இல்லம் இன்றும் அடையாற்றில் இயங்கி வருகிறது. அவர் தொடங்கிவைத்த தேவதாசி ஒழிப்புப் போராட்டம் 1947ஆம் ஆண்டு சட்டமாக நிறைவேறியது.

இத்தனைப் பணிகளுக்கு நடுவிலும் புற்றுநோய் மருத்துவமனை பற்றிய எண்ணம் அவரை விட்டு நீங்கவில்லை.

பத்தொன்பது ஆண்டு முயற்சி

1935ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. அந்த மேடையில், புற்றுநோயாளிகளுக்குத் தனி மருத்துவமனை ஒன்று வேண்டும் என்ற தம் விருப்பத்தை அம்மையார் வெளியிட்டார். ஆனால், விருப்பம் உடனே நிறைவேறவில்லை. உலகப் போர் மூண்டது. நாட்டு விடுதலைப் போராட்டம் சூடு பிடித்தது. அரசின் கவனம் வேறு திசைகளில் சென்றது.

விடுதலைக்குப் பின்னரும் நிலைமை எளிதாகவில்லை. அம்மையார் அரசை அணுகியபோது தயக்கமே மறுமொழியாகக் கிடைத்தது. காலரா, அம்மை, மலேரியா, காசநோய் ஆகியவை மக்களை வாட்டிக் கொண்டிருந்தன. குணமாகும் நோய்களுக்கே பணம் போதாத நிலையில், எப்படியும் இறந்துபோகும் புற்றுநோயாளிகளுக்கு எதற்காகத் தனி மருத்துவமனை என்பதே அதிகாரத்தில் இருந்தோர் பலரின் எண்ணம். பம்பாயில் 1941ஆம் ஆண்டு டாட்டா நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டிருந்தது. ஆனால், தென்னாட்டு ஏழை ஒருவர் அவ்வளவு தொலைவு சென்று சிகிச்சை பெறுவது இயலாத செயலாக இருந்தது.

அரசு தயங்கியதால் அம்மையார் மக்களிடம் சென்றார். 1949ஆம் ஆண்டு இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. செல்வர்களின் நன்கொடையும் எளியோரின் சிறு தொகையும் சேர்ந்தன. சிறு துளி பெரு வெள்ளம் என்பதற்கேற்ப நிதி வளர்ந்தது. 1952ஆம் ஆண்டு பிரதமர் ஜவஹர்லால் நேரு சென்னை அடையாற்றில் மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்.

1954ஆம் ஆண்டு ஜூன் மாதம் 18ஆம் நாள் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அன்று அங்கிருந்த படுக்கைகள் 12 மட்டுமே. கட்டடம் சிறியது, கருவிகளும் மிகக் குறைவு. அப்போது அம்மையாரின் வயது 67. தங்கையை இழந்து முப்பது ஆண்டுகளும், நூற்றாண்டு விழாவில் விருப்பத்தை வெளியிட்டுப் பத்தொன்பது ஆண்டுகளும் கடந்திருந்தன.

தாயின் கனவும் மகனின் உழைப்பும்

அம்மையாரின் இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி சித்தியை இழந்தபோது சிறு பிள்ளை. வளர்ந்தபின் அவரும் மருத்துவரானார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் புற்றுநோய் மருத்துவத்தில் பயிற்சி பெற்றுத் திரும்பினார். வசதியான பதவியை நாடாமல் தாயார் கட்டிய சிறு மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.

1955ஆம் ஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம் மருத்துவர் அவருடன் இணைந்தார். சென்னை அரசு மகளிர் மருத்துவமனையில் தமக்குக் கிடைத்த பணியை விட்டுவிட்டு அவர் அடையாற்றுக்கு வந்தார். உற்றார் பலருக்கு அது வியப்பாக இருந்தது. குணமாகாத நோயாளிகளோடு வாழ்நாளைக் கழிப்பதா என்று தோன்றியிருக்கலாம். சாந்தா அம்மையாரோ 2021ஆம் ஆண்டு தாம் மறையும்வரை அந்த மருத்துவமனை வளாகத்திலேயே வாழ்ந்து பணியாற்றினார்.

1950களின் பிற்பகுதியில் கோபால்ட் 60 என்னும் கதிர்வீச்சுக் கருவி அடையாற்றுக்கு வந்து சேர்ந்தது. ஆசியாவில் நிறுவப்பட்ட மிக முற்பட்ட கோபால்ட் கருவிகளுள் இதுவும் ஒன்று. உடலின் ஆழத்தில் உள்ள கட்டியையும் வெளியிலிருந்தே கதிர்களால் தாக்கி அழிக்க இக்கருவி உதவியது.

புற்றுநோய்க்கு இன்றும் மூன்று அடிப்படைச் சிகிச்சைகள் உள்ளன. முதலாவது அறுவைச் சிகிச்சை. கட்டியையும் அதனைச் சுற்றியுள்ள சிறு பகுதியையும் மருத்துவர்கள் வெட்டி அகற்றுகின்றனர். இரண்டாவது கதிர்வீச்சுச் சிகிச்சை. இக்கதிர் புற்றணுக்களின் மரபுப் பொருளைச் சிதைத்து, அவை மேலும் பெருகாமல் தடுக்கிறது. மூன்றாவது மருந்துச் சிகிச்சை. விரைந்து பெருகும் அணுக்களை அழிக்கும் மருந்துகள் ஊசி வழியாகவோ மாத்திரையாகவோ கொடுக்கப்படுகின்றன. இம்மருந்துகள் முடியின் வேர் அணுக்களையும் தாக்குவதால் நோயாளிக்கு முடி உதிரலாம். சிகிச்சை முடிந்தபின் முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். நோயின் வகைக்கும் நிலைக்கும் ஏற்ப இம்மூன்றும் தனித்தனியாகவோ இணைத்தோ அளிக்கப்படுகின்றன.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று சிலர் இன்றும் அஞ்சுகின்றனர். இது தவறான நம்பிக்கை. இவ்வச்சத்தால் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டு உயிரிழந்தோர் உண்டு. நோய் பரவுவது தாமதத்தால்தான்.

அடையாறு மருத்துவமனை ஏழை பணக்காரர் என்ற வேறுபாடு பார்க்கவில்லை. பணமில்லை என்பதற்காக எவருக்கும் சிகிச்சை மறுக்கக்கூடாது என்பதே அதன் கொள்கையாக அமைந்தது. நோயாளிகளில் பெரும்பாலோர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெற்றனர். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அந்த மருத்துவமனை, காலப்போக்கில் நூற்றுக்கணக்கான படுக்கைகளும் ஆராய்ச்சிப் பிரிவும் கல்லூரியும் கொண்ட பெரிய நிறுவனமாக வளர்ந்தது.

அம்மையாருக்கு 1956ஆம் ஆண்டு இந்திய அரசு பத்ம பூஷண் விருது வழங்கியது. 1968ஆம் ஆண்டு ஜூலை மாதம் 22ஆம் நாள், தம் 81ஆம் வயதில் அவர் இயற்கை எய்தினார். தமிழக அரசு ஏழைத் தாய்மார்களுக்கான மகப்பேறு நிதியுதவித் திட்டத்திற்கு அவர் பெயரைச் சூட்டியுள்ளது.

பேராக் தோட்டங்களும் புற்றுநோயும்

அம்மையார் அடையாற்றில் போராடிய அதே காலத்தில், பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்களில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் பால்மரம் சீவிக் கொண்டிருந்தனர். விடியுமுன் எழுந்து வேலைக்காட்டுக்குச் சென்ற அவர்களுக்கு வெற்றிலைப் பாக்கே உற்ற துணை. பசியை மறக்கவும் களைப்பைப் போக்கவும் ஆண்களும் பெண்களும் வெற்றிலையோடு பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மென்றனர். சிலர் இரவிலும் அதனைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உறங்கினர். மாலையில் கள்ளும் சம்சுவும் சிலரின் களைப்பு மருந்தாயின.

இப்பழக்கத்தின் விளைவு பல ஆண்டுகள் கழித்தே வெளிப்பட்டது. புகையிலை மட்டுமன்று, பாக்கும் வாய்ப்புற்றுநோயை உண்டாக்கும் என்பதை ஆராய்ச்சியாளர்கள் உறுதிப்படுத்தியுள்ளனர். புகையும் மதுவும் இவற்றோடு சேரும்போது ஆபத்து மேலும் கூடுகிறது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே, குறிப்பாக இந்தியப் பெண்களிடையே, அதிகமாகக் காணப்படுவதற்கு வெற்றிலைப் பாக்குப் பழக்கமே முக்கியக் காரணம்.

வாய்ப்புற்றுநோய் திடீரென்று தோன்றுவதில்லை. கன்னத்தின் உட்புறத்திலோ நாக்கிலோ வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு முதலில் தோன்றலாம். ஆறாத புண் உண்டாகலாம். வாயை அகலத் திறக்க முடியாமல் போகலாம். இவற்றில் எதற்கும் தொடக்கத்தில் வலி இல்லாமல் இருக்கலாம். இரண்டு வாரங்களுக்கு மேல் வாய்ப்புண் ஆறாவிட்டால் பல் மருத்துவரைப் பார்ப்பது கட்டாயம். சில நிமிடங்களில் முடியும் அப்பரிசோதனைக்கு ஒரு கண்ணாடியும் வெளிச்சமும் போதும். இதனை உணர்ந்தே மலேசியச் சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுவினர் தோட்டப்புறங்களுக்கு நேரில் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்து வந்துள்ளனர்.

இன்று அத்தோட்டங்கள் பல மறைந்துவிட்டன. இரப்பர் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. சில இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்துள்ளன. லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகரங்களுக்கும் அவற்றின் சுற்றுப்புறங்களுக்கும் குடிபெயர்ந்துள்ளன. தோட்டம் மறைந்தாலும் பாட்டியின் வெற்றிலைப் பெட்டியும் பழைய அச்சமும் சில வீடுகளில் மறையவில்லை. மலேசியாவில் புற்றுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டோர் நோய் முற்றிய நிலையிலேயே கண்டறியப்படுகின்றனர். ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற கவலை, மருத்துவமனை பற்றிய பயம், பெண்களின் கூச்சம், நாட்டு மருந்திலேயே சரியாகிவிடும் என்ற எண்ணம் ஆகியவை இத்தாமதத்திற்குக் காரணங்களாகின்றன.

வருமுன் காக்கும் வழிகள்

சுந்தராம்பாளுக்குக் கிடைக்காத வாய்ப்புகள் இன்று பேராக்கில் உள்ள சாதாரண குடும்பத்திற்கும் கிடைக்கின்றன. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயைக் கண்டறிய மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைச் சோதிக்கும் முறை உள்ளது. 50 வயதைக் கடந்தவர்கள் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் இதனைச் செய்துகொள்ளலாம். மலத்தில் இரத்தம் தென்பட்டால் வயது எதுவாயினும் உடனே மருத்துவரைக் காண வேண்டும். மூலநோய் என்றோ சூடு என்றோ தாமே முடிவு செய்துகொள்வது தவறு. கிளினிக்கில் ஐயம் எழுந்தால் நோயாளியை ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பர்.

பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயே மிகுதியாக வருகிறது. மார்பில் கட்டி, தோலில் சுருக்கம், காம்பிலிருந்து இரத்தக் கசிவு ஆகியவை தோன்றினால் கூச்சப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மேமோகிராம் என்னும் எக்ஸ் கதிர்ப் படம், கைக்குத் தென்படாத சிறு கட்டியையும் காட்டிவிடும். கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கண்டறிய உதவும் பாப் ஸ்மியர் சோதனை மலேசியாவில் 1960களின் இறுதியிலேயே தொடங்கப்பட்டது. புற்றுநோயாக மாறுவதற்கு முன்பே மாறுதலடைந்த அணுக்களை இச்சோதனை காட்டிக் கொடுக்கிறது.

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் எச்.பி.வி. என்னும் கிருமியே காரணம். அக்கிருமியைத் தடுக்கும் தடுப்பூசி 2010ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளில் 13 வயது மாணவிகளுக்கு இலவசமாக வழங்கப்படுகிறது. கல்லீரல் அழற்சி பி கிருமி கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. அதற்கான தடுப்பூசி பச்சிளங் குழந்தைகளுக்கே போடப்படுகிறது. ஊசியால் புற்றுநோயைத் தடுக்கும் காலம் வரும் என்று அம்மையாரின் தலைமுறை கனவிலும் எண்ணியிராது.

எல்லாப் புற்றுநோயையும் தடுக்க இயலாது. நல்ல பழக்கங்கள் உடையோருக்கும் சில வேளைகளில் நோய் வருவதுண்டு. ஆகவே, நோயுற்றவரைக் குறை கூறுவது முறையன்று. ஆயினும், புகைபிடித்தலையும் மின்சிகரெட்டையும் தவிர்த்தல், வெற்றிலைப் பாக்கையும் மதுவையும் விலக்கல், காய்கறி பழங்களை உண்ணல், உடற்பயிற்சி செய்து எடையைக் கட்டுக்குள் வைத்தல் ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். வீட்டுப் பெரியோர்களைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வது இளையோரால் எளிதில் செய்யக்கூடிய உதவி. கிளினிக்கில் கொடுக்கும் தாளை வாசித்துப் பாட்டிக்குத் தமிழில் விளக்குவதும் ஓர் உயிரைக் காக்கும் செயலாக அமையலாம்.

முத்துலட்சுமி அம்மையார் தம் துயரத்தை அழுகையோடு முடித்துக் கொள்ளவில்லை. முன்பின் அறியாத மக்களின் தங்கைகளாவது பிழைக்க வேண்டும் என்று முப்பது ஆண்டுகள் உழைத்தார். அவர் மருத்துவமனையைக் கட்டினார், மருத்துவர்களை உருவாக்கினார். காலத்தோடு அம்மருத்துவமனையின் படியேறுவது மட்டும் ஒவ்வொருவரும் தாமே செய்ய வேண்டிய வேலை. வெள்ளம் வருமுன் அணை கட்டுவோரே அறிவுடையோர். சுந்தராம்பாளுக்குத் தாமதமாகத் தெரிந்த உண்மை, இன்று நம் வீட்டில் உள்ளோருக்குக் காலத்தோடு தெரிய வேண்டும்.